பிள்ளைகளோடு வீட்டில் இருந்தவர்

செய்தியை எனக்குச் சொன்னவள் யாழினி. இன்னும் ஐந்து வயது நிரம்பாதவள்.

கறம்பக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் நான் எல்.கே.ஜி. டீச்சர். காலை இடைவேளை முடிந்து பிள்ளைகளின் டிபன் டப்பாக்களை மூடிக்கொண்டிருந்த நேரம். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் என் தங்கை மகளின் குரல்.

"பெரியம்மா, நான் யாழினி பேசுறேன். அப்பா கீழ உக்காந்துட்டாரு. கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குறாரு. வேர்த்து ஊத்துது. நாங்க சந்தையில வெங்காயக்கார ஆயா கடைகிட்ட நிக்கிறோம். கவின் என் கையப் புடிச்சுக்கிட்டு இருக்கான். அம்மா டூட்டியில இருக்கும், போன எடுக்காது. நீங்க வாங்க."

அதற்குப் பிறகு வெங்காயக்கார அம்மா போனை வாங்கினார். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சுங்க டீச்சர். புள்ளதான் ஒங்க நம்பர மனப்பாடமாச் சொல்லுச்சு. நான் அமுக்கிக் குடுத்தேன். வெரசா வாங்க" என்றார். வகுப்பைப் பள்ளி ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். சந்தை பக்கம்தான். நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை கணவரை, நான் தம்பி என்று கூப்பிடுபவரை, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலை அவர் உயிரோடு பார்க்கவில்லை.

அன்று மாலை கேதம் கேட்க வந்த ஒருவர், நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தே சொன்னார்: "பாவம், பெத்த புள்ளைங்கள ஒரு ஸ்கூல்லகூடச் சேக்காமப் போயிட்டான்." பிணம் நடுவீட்டில் கிடக்கிறதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். தம்பியைத் தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

என் தங்கை கலைச்செல்வியின் கணவர் சின்னத்துரை. எனக்கு வயதில் இளையவர். எங்கள் பக்கத்தில் இளையவரை 'அவன்' என்று எழுதினால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். நான் 'அவர்' என்றுதான் எழுதுவேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்காரும் முன்பு, மகன் கையை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாராம். வெங்காயக்கார அம்மா பார்த்துக்கொண்டே இருந்து சொன்னது இது. அப்படிப்பட்ட மனிதரை நான் வேறு எப்படி எழுதுவது?

அவர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணமாகி லீவு முடிந்து போனவருக்கு யாழினி பிறந்தபோது வர அனுமதி கிடைக்கவில்லை. மகளை அவர் நேரில் பார்த்தபோது அவள் தத்தித் தத்தி நடக்கவும் இரண்டொரு சொல் பேசவும் ஆரம்பித்திருந்தாள். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அவர் இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை கலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. "அப்பா பாரு, அப்பா பாரு" என்று நாங்கள் காட்டக் காட்ட, அவள் கலையின் கைப்பையைத் தட்டிப் போனைக் கேட்டாள். அப்பா அதற்குள்தான் இருக்கிறார் என்பது அவள் எண்ணம்.

வேனில் திரும்பும்போது தம்பி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பின்சீட்டில் இருந்த கலையின் போனுக்கு வீடியோ கால் போட்டார். பிள்ளை திரையைப் பார்த்து "அப்பா" என்று சிரித்தாள். ஒரே வேனுக்குள் கீரனூர் தாண்டும் வரை இருவரும் அப்படியே பேசிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் என்னிடம் வந்து, "மதினி, இனிமே நான் போகல. போனுக்குள்ள இருந்துக்கிட்டுப் புள்ள வளக்க என்னால ஆவாது" என்றார்.

லீவில் வந்த எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தோம். லீவு முடிந்தது, அவர் போகவில்லை. கவின் பிறந்தான். கலைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து அவள் டூட்டிக்குப் போக வேண்டும். வேலையை விடுவது அவளா, வீட்டில் இருப்பது அவரா என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. அவள் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியவளுக்கு இட்லி ஊட்டினார்.

யாழினிக்கு மூன்று வயது முடிந்ததும் எங்கள் பள்ளிக் கரஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டு, "உங்க தங்கச்சி புள்ளையே இங்க சேரலைன்னா மத்தவங்க எப்படி டீச்சர் சேப்பாங்க?" என்றார். கேள்வியில் தப்பில்லை. போய்த் தம்பியிடம் சொன்னேன். "வந்து பாக்குறேன் மதினி" என்றார். சொன்னபடி வந்தார். என் வகுப்பின் கடைசியில், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க மதியம் வரை உட்கார்ந்திருந்தார். யாழினி அவர் மடியில். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மதினி, ஒண்ணு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"காலையிலேருந்து நீங்க அதிகமாச் சொன்னது 'உக்காரு'ங்குற வார்த்தைதான். பாட்டு கொஞ்சம், எழுத்து கொஞ்சம். மத்தபடி பூராவும் உக்காரு, உக்காரு, உக்காரு."

கோபம் வராமல் இருக்குமா? "ஒரு ரூம்பு புள்ளையும் ஒண்ணா எந்திரிச்சா நான் என்ன செய்ய? நீங்க வந்து ஒரு நாளு நின்னு பாருங்க, அப்பத் தெரியும்" என்றேன்.

"ஒங்களக் குத்தம் சொல்லல மதினி. அத்தன பேத்துக்கு வேற வழி கெடையாது. எனக்கு ரெண்டுதான். ரெண்டும் எந்திரிச்சே இருக்கட்டும். ஒண்ணாப்புக்கு வயசு வரட்டும், அப்பப் போயி உக்காந்துக்கிடட்டும்."

அவர்கள் வீட்டு முடிவு அதுதான். ஒன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் வீட்டில். அதன் பிறகு ஊர்ப் பள்ளிக்கூடம். கலையும் அவரும் சேர்ந்து எடுத்த முடிவு. எல்.கே.ஜி. படிக்காத பிள்ளையைப் போலீஸ் வந்து பிடிப்பதில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் பிடிப்பார்கள். அவரைப் பிடித்த பிடியைப் பார்த்தால் ஏதோ பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளியவர் போல இருக்கும்.

வீட்டில் என்னதான் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கரும்பலகை கிடையாது, கலர் சார்ட் கிடையாது. "நான் பாக்குற வேலையில பாதி அவங்களுக்கு" என்பார். குழாயில் தண்ணீர் வந்தால் அவருக்கு ஒரு குடம், அவர்களுக்கு ஆளுக்கொரு சொம்பு. அரிசியில் கல் பொறுக்குவது யாழினி. காய்ந்த துணியில் அம்மாவுடையது எது, அப்பாவுடையது எது என்று பிரிப்பது கவின். முதல் நாள் சாயங்காலம் இட்லி மாவைக் கரைத்து வைத்துவிட்டு, பாத்திரத்தின் உள்பக்கம் மாவுக்குக் கொஞ்சம் மேலே விரலால் ஒரு கோடு இழுத்துவிடுவார். காலையில் எழுந்ததும் மாவு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று கவின் பார்த்துச் சொல்ல வேண்டும். "பொங்கிருச்சு!" என்று அவன் போடும் கூச்சல் நான்கு வீடு தள்ளியிருக்கும் எங்கள் அடுப்படிக்குக் கேட்கும். குளிர்காலத்தில் சில நாள் தாண்டியிருக்காது. "பொங்கல" என்று அழுவான். அன்று ஏன் பொங்கவில்லை என்று மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசுவார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். வேலை நடக்காது. பூண்டு உரித்தே ஒரு காலைப்பொழுது போய்விடும். டூட்டி முடிந்து பசியோடு வரும் கலை, குழம்பே வைக்காத அடுப்பைப் பார்த்துக் கத்துவாள். "ஒரு குழம்பு வைக்க மூணு பேரு, அதுவும் முடியலையா?" என்பாள். அவர் அப்பளம் பொரிப்பார். அப்பளத்தோடு மோர் சோறு தின்றே அந்த வீடு பல மதியங்களை ஓட்டியது.

எழுத்து சந்தைக்குப் போகும் வழியில் வந்தது. வாரா வாரம் சந்தை நாளில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கறம்பக்குடிக்கு வருவார். வந்ததும் சந்தைக்குப் போக மாட்டார். பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பஸ் போர்டாகக் காட்டுவார். அதனால் யாழினிக்கு அ என்றால் அறந்தாங்கி. ஆ என்றால் ஆலங்குடி. க என்றால் கந்தர்வக்கோட்டை, ப என்றால் பட்டுக்கோட்டை. "அணிலும் ஆடும் எங்க தம்பி போச்சு?" என்று கேட்டேன். "அணிலுல ஏறி எங்க மதினி போறது? இதுன்னா ஏறிப் போயிட்டு வரலாம்ல" என்றார்.

பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கும் கோபம் வரும். ஒரு நாள் இரண்டும் சேர்ந்து மூட்டை அரிசியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, "கழுவியாச்சுப்பா" என்று வந்து நின்றன. அவர் நேராகப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் தற்செயலாக அங்கே போனேன். கதவுக்கு வெளியே பிள்ளைகள் இரண்டு பேரும் குப்புறப் படுத்து, கதவுக்கடி இடுக்கு வழியாகக் கறிவேப்பிலை இலையை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். "என்னடி இது?" என்றேன். "அப்பாவுக்குப் போரடிக்கும்ல" என்றாள் யாழினி. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்று தெருவில் வீட்டுக்குக் கொஞ்சமாக அந்த ஈர அரிசியை வாங்கி மாவரைத்தோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு வாரம் தோசைதான்.

அவருடைய அண்ணன் பெரியதுரைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கறம்பக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நான் அவரைப் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். தம்பி மீது உயிரையே வைத்திருந்தவர். அதனாலேயே தம்பியைப் பற்றி யாராவது ஒன்று சொல்லிவிட்டால் அவருக்குத் தாங்காது. அவர் புது வீடு குடிபோனபோது ஊரெல்லாம் வந்திருந்தது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே பெரியவர்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏ பி சி டி, ஒன் டூ த்ரீ சொல்லச் சொன்னார்கள். யாழினி முறை வந்தது. அவள் நிமிர்ந்து நின்று, "வாஹத், இத்னேன், தலாதா" என்று அரபியில் எண்ணினாள். தம்பிக்குப் பழக்கம், வேலை பார்க்கும்போது வாய்க்குள் அப்படித்தான் எண்ணுவார். பிள்ளை பிடித்துக்கொண்டாள். கூட்டம் திகைத்துப் பார்க்க, கவின் இலையில் சோறு முடிந்த எதிர் ஆளைக் காட்டி "கலாஸ்!" என்று கத்தினான். முடிந்துவிட்டது என்பதற்கு அரபியில் அதுதான் சொல்லாம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரிய மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஊருக்கு முன்னால மானத்த வாங்குறியேடா. நாளைக்கு இதுங்க எந்த ஸ்கூல்ல போயி நிக்கும்?" என்றார். தம்பி பந்தி பரிமாறும் வாளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "எந்த ஸ்கூல்ல நின்னாலும் நிக்கும்ணே. பயப்படாம நிண்டுச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

டீக்கடையிலும் விடவில்லை. பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிறான் என்று ஒருவர் சத்தமாகச் சொன்னாராம். என் வீட்டுக்காரர் அங்கே இருந்தார், அவர் சொல்லித்தான் தெரியும். தம்பி டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, "ஆமாண்ணே. நல்லாக் கழுவுவேன். ஒங்க பேரனையும் அனுப்புங்க, சேத்துக் கழுவி விடுறேன்" என்றாராம். அதன் பிறகு அந்த ஆள் கடையின் அங்கிட்டுப் பெஞ்சுக்கு மாறிக்கொண்டார்.

கலைக்கு ஓய்வு கிடைத்த ஒரு நாள் எல்லோரும் கொடும்பாளூர் போனோம். மூவர் கோவில் புல்தரையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று யாழினி நின்று, "அப்பா, மூவர்னா மூணுதானே? இங்க ரெண்டு கோயில்தானே இருக்கு?" என்றாள். நான் எத்தனையோ தடவை அங்கே போயிருக்கிறேன், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். ஒரு பிள்ளையும் எண்ணிப் பார்த்துக் கேட்டதில்லை. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போய், இடிந்துபோன மூன்றாவது கோவிலின் அடித்தளத்தைக் காட்டினார். "இதுதான் மூணாவது. மேல இருந்தது போயிருச்சு. அடி இருக்கு பாரு. இதையும் சேத்து எண்ணிக்க." அவள் அந்தக் கல்லின் மீது ஏறி நின்று மூன்று என்றாள். கவினும் ஏறினான். இரண்டு பேரையும் இறக்குவதற்குள் வாட்ச்மேனிடம் நாங்கள் திட்டு வாங்கினோம்.

இப்படி இருந்த வீட்டில்தான் இந்த ஆடி மாதம் சாவு விழுந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. அதற்கு முன்பே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. கலை டூட்டிக்குப் போயாக வேண்டும், பிள்ளைகளை உடனே பள்ளியில் போட வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கலை அழவும் தெம்பில்லாமல் கிடந்தாள். ஒரு மதியம் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அக்கா, அவுக ஒண்ணே ஒண்ணுதான் ஆசப்பட்டாக. ஒண்ணாப்பு வரைக்கும் வீட்டுல. அதக்கூட என்னால காப்பாத்த முடியலன்னா நான் என்ன பொண்டாட்டி?" நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

கருமாதியன்று எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. இறந்தவரின் மகனுக்குத் தலையில் புதுத் துண்டைச் சுற்றி உருமால் கட்டுவார்கள். அதைச் செய்வது தாய்வீட்டார், அதாவது தாய்மாமன். புதுத் துணியைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வருவார். அதற்குக் கோடி என்று பெயர். நாலு பேர் முன்னால் வைத்த கோடியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் உறவையே வேண்டாம் என்று சொன்னதாக ஆகும்.

பந்தலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். எங்கள் தட்டு வருவதற்குள் பெரிய மச்சான் ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அதில் இரண்டு ஜோடி யூனிஃபார்ம், டை, பெல்ட், ஷூ. கட்டம் போட்ட அந்தச் சட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பள்ளியின் சட்டை.

"எல்லாரும் இருக்கீங்க. எந்தம்பி புள்ளைங்களுக்கு நான் எடுத்த கோடி இது. சீட்டுச் சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில வேன் வரும்" என்றார். கெட்ட எண்ணம் இல்லை, அது எனக்குத் தெரியும். தம்பி பிள்ளைகளை நாளைக்கு யாரும் இளக்காரமாகப் பேசிவிடக் கூடாது என்ற பயம்தான். ஆனால் யாரும் மறுக்க முடியாத இடம் பார்த்து வைத்திருந்தார். கலை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

நான் எழுந்தேன். "மச்சான், கொஞ்சம் இருங்க. கோடி எடுக்குறது யாரு முறை?"

"இப்ப எதுக்கு அது?"

"கேக்குறேன், சொல்லுங்க. பங்காளி கோடி எடுத்து நீங்க எங்கயாச்சும் பாத்துருக்கீங்களா? நீங்க பங்காளி. தீட்டுக் காக்குற ஆளு. கோடி எங்க வீட்டு முறை. எங்களுக்குக் கூடப் பொறந்த ஆம்பள இல்ல. அந்த எடத்துல நான் நிக்கிறேன்."

முறை தெரிந்த பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "டீச்சர் சொல்றது சரிதானப்பா பெரியதுரை. தட்ட எடு" என்றார். முறை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. எத்தனையோ பெண்களின் வாயை அடைத்த சொல் அது. ஒரு நாளாவது எனக்கு உழைக்கட்டும் என்றுதான் எடுத்தேன்.

பெரிய மச்சான் தட்டை எடுக்கவில்லை. "முறை கெடக்கட்டும். கலை டூட்டிக்குப் போனாப் புள்ளைங்கள யாரு பாக்குறது? நீ பாப்பியா?"

"பாப்பேன்."

"ஒன் வேலை?"

"விட்டுர்றேன்."

பந்தல் ஓரத்தில் பாக்கு மென்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அவரிடம் நான் கலந்துகொள்ளவில்லை. அந்த நிமிடம் வரை என்னிடமே நான் கலந்துகொள்ளவில்லை. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து, எங்கள் வீட்டுத் தாம்பாளத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். இரண்டு பேருமாகக் கொண்டுபோய் பிள்ளைகள் முன் வைத்தோம்.

கவினுக்கு நானே உருமால் கட்டினேன். துண்டு கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கியது, அவன் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற யாழினி, "எனக்கு?" என்றாள். பொம்பளப் புள்ளைக்கு வழக்கம் இல்லை என்று யாரோ ஆரம்பித்தார்கள். என் சித்தப்பா மகன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான். அதை அவள் தலையில் கட்டினேன். முறை பேசிப் பெரிய மச்சானை நிறுத்தியவளும் நான்தான், அந்தக் கையோடு முறையை மீறியவளும் நான்தான். கேட்க வேண்டியவர்கள் என்னிடம் நேரில் வந்து கேட்கலாம். அப்பா கீழே விழுந்தபோது கவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் செய்தவள் அவள். அவளுக்குக் கட்டாமல் யாருக்குக் கட்டுவது?

மறுநாள் காலை நான் அங்கே போனபோது வாசலில் கருமாதிச் சமையலின் அண்டாக்கள் கழுவாமல் கிடந்தன. வாடகைப் பாத்திரம், திருப்பிக் கொடுக்க வேண்டும். குழாயடியில் பார்த்தால் யாழினி அந்தப் புது யூனிஃபார்மை முழுசாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுச் சட்டை, பிள்ளைக்கு ஆசை இருக்காதா? கழுத்தில் டை, காலில் ஷூ, கையில் தேங்காய் நார், முழங்கை வரைக்கும் சாம்பல். கவினைத் தேடினால் காணவில்லை. பெரிய அண்டாவுக்குள் இருந்து பாட்டுச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஜட்டியும் டையுமாக அண்டாவின் அடியில் உட்கார்ந்து, ஒட்டிக் கிடந்த சாம்பார்ப் பருப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். யார் சொல்லியும் அவர்கள் அதைச் செய்யவில்லை. வீட்டில் வேலை கிடந்தது, செய்தார்கள்.

அந்த நேரம் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. பின்னாலேயே பைக்கில் பெரிய மச்சான். டிரைவர் தலையை நீட்டி, "டீச்சர், புள்ளைங்க ரெடியா? நீங்களும் இதுலயே வாரீகளா?" என்றார்.

"அவங்களும் வரல, நானும் வரல. போயிட்டு வாங்க தம்பி" என்றேன். வேன் போய்விட்டது.

பெரிய மச்சான் போகவில்லை. பைக்கில் உட்கார்ந்தபடியே குழாயடியைப் பார்த்தார். தான் தேடி வாங்கிய சட்டையில் சாம்பார் வழிவதைப் பார்த்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்து நானும் பதிலோடு தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பி மகளைப் பார்த்து, "டை நனையுது பாரு, ஆத்தா" என்றார்.

யாழினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காயும் பெரியப்பா. நீங்க இந்த அண்டாவக் கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்க. கவினு உள்ள இருக்கான்."

அவர் பைக்கை ஸ்டாண்டு போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அண்டாவைச் சாய்த்துப் பிடித்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை, அண்டா அவர் முகத்தை மறைத்தது. உள்ளே பாட்டு நிற்கவில்லை.

சின்னத்துரைத் தம்பி, யாழினிக்கு அடுத்த ஜூன். கவினுக்கு அதற்கும் பிறகு. அதுவரை உங்கள் பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். நீங்கள் செய்ததுபோல எனக்குச் செய்ய வராது. சமையல் இன்னும் தாமதமாகும், கலை இன்னும் கத்துவாள், நான் உங்களைவிட அதிகமாகக் கோபப்படுவேன். ஆனால் யார் வந்து வாசலில் ஹாரன் அடித்தாலும் திருப்பி அனுப்ப நான் இருக்கிறேன். போயிட்டு வாங்க, தம்பி.